கட்டைவிரல் தரையில் பட்டால் அது பார்ஷியலா?

ஞாயிற்றுக்கிழமை கயிறு வகுப்பில் (ஷிபாரி, அதாவது சம்மதத்தோடு ஒருவரைக் கயிற்றால் கட்டுவதும் தொங்கவிடுவதும் சொல்லித்தரும் வகுப்பு) நடந்ததைப் பற்றி ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் வகுப்பையே கெடுத்துவிட்டேன் என்பதுவரை பேச்சு வந்துவிட்டது. சரி, என் பங்குக்கு நானும் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்திருந்த பெண்ணுக்கு மேல்கையையும் சேர்த்து மார்பிலும், இடுப்பிலும் கட்டுப் போட்டு மேலே மாட்டி, ஒரு தொடையை மேலே இழுத்து, இன்னொரு காலின் கட்டைவிரல் மட்டும் தரையில் படும்படி நிறுத்தியிருந்தார் பயிற்றுநர். "இது வெறும் பார்ஷியல் சஸ்பென்ஷன்தான், முதல் நாளே செய்யலாம்" என்றார். அந்த விரலில் எவ்வளவு எடை இறங்கியிருக்கிறது என்று கேட்டேன். நான் கேட்டது அவ்வளவுதான். அதற்கா இத்தனை கலாட்டா?

பார்ஷியல் என்றால் உடம்பு எடையில் ஒரு பங்கைத் தரை தாங்குகிறது, மீதியைக் கயிறு தாங்குகிறது. ஃபுல் சஸ்பென்ஷன் என்றால் மொத்த எடையும் கயிற்றில். தரையைத் தொடுகிறதா என்பது கேள்வியே இல்லை, தரை தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. எடை இறங்காத விரல் படத்துக்கு அழகு சேர்க்கும். வேறு ஒரு வேலையும் செய்யாது.

நம்பாதவர்கள் எடை மெஷினைக் காலடியில் வைத்துப் பாருங்கள். நாங்கள் வைத்துப் பார்த்திருக்கிறோம். 60 கிலோ ஆள் குதிகாலைத் தூக்கி விரல் நுனிக்கு வந்தபோது மெஷின் காட்டியது 5 கிலோவுக்குப் பக்கம். மிச்சம் 55 கிலோ எங்கே போனது? கயிற்றுக்கு. கயிற்றிலிருந்து மார்புக்கும் மேல்கைக்கும். மேல்கயிறு, அதாவது கட்டை மேலே மாட்டியிருக்கும் கயிறு, இரண்டாக இருந்தால் ஒவ்வொன்றிலும் எடை பாதியாகிவிடும் என்று வேறு ஒருவர் அங்கே விளக்கம் கொடுத்தார். இரண்டும் நேராகத் தொங்கினால் பாதிதான். இரண்டுக்கும் நடுவில் 120 டிகிரி விரிந்துவிட்டால் ஒவ்வொரு கயிறும் தொங்குகிற எடை முழுவதையும் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

நான் இன்னொன்றையும் சேர்த்துப் பார்ப்பேன். கட்டப்பட்டிருப்பவர் யார் கையையும் எதிர்பார்க்காமல், நினைத்த நொடியில் பாதத்தை ஊன்றி எடையைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிகிறதா? முடிந்தால் பார்ஷியல். முடியாவிட்டால் என் கணக்கில் அது ஃபுல், விரல் எங்கே பட்டாலும் சரி.

பார்ஷியலிலேயே எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது பாருங்கள். முதுகும் தோளும் தரையில் கிடக்க, இடுப்பையும் கால்களையும் மட்டும் தூக்கலாம். அப்போது மயக்கம் வந்தாலும் கீழே விழ இடமில்லை. ஒற்றைக் காலில் நிற்கும்போது மயக்கம் வந்தால், அல்லது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால்கூடப் போதும், மொத்த உடம்பும் மார்புக்கட்டில் போய் இறங்கும். அந்த நொடியில் பார்ஷியல் ஃபுல் ஆகிவிடும். அதுவும் மெதுவாக அல்ல, ஒரு குலுக்கலோடு. அப்படி இறங்கும் பளு நின்ற எடையைவிட அதிகம். அதனால்தான் பார்ஷியல் செய்தாலும் கயிறு மாட்டும் ரிங், காராபினர் (மூடித் திறக்கும் உலோகக் கொக்கி), மேலே மாட்டிய இடம் எல்லாம் ஃபுல்லுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்கிறேன். மார்புக்கட்டும்தான்.

"கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது" என்கிறார்கள். நல்லது. பளு ஏறிய மேல்கயிற்றை, ஆளைத் தாங்கிப் பிடிக்காமல் வெட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

"உனக்குப் பயம், உன் பயத்தை மற்றவர்கள் மேல் திணிக்காதே" என்றும் ஒருவர் சொன்னார். ஆமாம், பயம்தான். சும்மா வந்த பயமில்லை. ரேடியல் நரம்பு மேல்கை எலும்பைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் வருகிறது. கயிறு அங்கே அழுத்தினால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகும். சில சமயம் வலியும் இருக்காது, மரத்துப்போவதும் தெரியாது. எனக்கு இப்படியேதான் ஒரு 'வெறும் பார்ஷியலில்' ஆனது. நின்ற கால் தளர்ந்தது, எடை முழுக்க மேல்கையில் போனது. அவிழ்த்த பிறகு கை தொங்கியபடியே இருந்தது. பல வாரம் சட்டை பட்டன்கூடப் போட முடியவில்லை. கட்டியவர் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது: "பார்ஷியலில் இப்படியெல்லாம் ஆகாதே." அதாவது என் கை பொய் சொல்கிறது.

அடுத்த வாதம், "அந்தப் பெண் சம்மதித்துத்தானே நின்றார்?" எதற்குச் சம்மதித்தார்? காலை ஊன்றி நிற்கலாம், வேண்டாமென்றால் இறங்கிவிடலாம் என்று நம்பி ஒரு விஷயத்துக்குச் சம்மதித்தார். நடந்தது வேறு விஷயம். பெயரை மாற்றி வைத்து வாங்கிய சம்மதத்தை நீங்கள் சம்மதம் என்பீர்களா? வார்த்தைக்குச் சண்டை போடுகிறேன் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் ஒருவர் தன் கையைக் கட்டக் கொடுக்கிறார்.

எல்லாவற்றுக்கும் ஒரே கோடு போட முடியாது, நடுவில் சந்தேகமான நிலைகள் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சந்தேகம் வந்தால் ஃபுல் என்று வைத்துக்கொள்வதில் யாருக்கு என்ன நஷ்டம்? பயிற்றுநரின் பெருமைக்கு நஷ்டமோ?

உண்மையில் எனக்கு எரிச்சல் அவர்மேல் மட்டுமில்லை. கட்டுபவர் சொன்னால் அது அனுபவம், கட்டப்பட்டவர் சொன்னால் அது பதற்றம். நரம்பு போனது என் கையில், விளக்கம் கொடுப்பது மட்டும் எப்போதும் அவர்கள்.

இப்போது தனியாக வந்து "நீங்கள் சொன்னது சரிதான், ஆனால் எல்லார் முன்னாலும் கேட்டிருக்க வேண்டாம்" என்கிறீர்கள். பிறகு எப்போது கேட்பது? இறக்கிவிட்டு, டீ குடித்துவிட்டா? இதைச் சொல்கிற அத்தனை பேரும் அன்றைக்கு அங்கேதான் கை கட்டிக்கொண்டு நின்றீர்கள். உங்கள் கையை யாரும் கட்டியிருக்கவில்லை.