எரிமலைக்குத் தட்டு எல்லை கட்டாயமா?

'எரிமலைகள் எல்லாம் புவித்தட்டுகளின் எல்லையில்தான் தோன்றுகின்றன' என்று எரிமலைகள் பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. (புவித்தட்டுகள் என்பவை பூமியின் மேற்பரப்பாக அமைந்து மெல்ல நகரும் பெரும் பாறைப் பலகைகள்.) பெரும்பாலானவை அங்கேதான், சரி. பசிபிக்கைச் சுற்றியுள்ள 'நெருப்பு வளையம்' என்ற எரிமலை வரிசை அதற்குச் சாட்சி. ஆனால் ஹவாய் எரிமலைத் தீவுக்கூட்டம்? அது பசிபிக் தட்டின் நட்டநடுவே, மிக அருகிலுள்ள எல்லையிலிருந்தே 3,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. 1963இல் புவியியலாளர் டூசோ வில்சன் தந்த விளக்கம் எனக்கு இன்றும் வியப்புதான்: கீழே வெப்பப்புள்ளி, அதாவது ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழுந்து எரிமலைகளை உருவாக்கும் இடம், ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்க, மேலே தட்டு நகர்ந்து, உருவான தீவுகளை அங்கிருந்து தள்ளிக் கொண்டுபோகிறது. அதனால்தான் வடமேற்கே போகப் போகத் தீவுகளின் வயது கூடுகிறது. தென்கிழக்கு முனையிலுள்ள 'பெரிய தீவு' என்ற ஹவாய்த் தீவுக்கு 10 லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை, வடமேற்கிலுள்ள கவாய் தீவுக்கோ சுமார் 50 லட்சம். அப்புறம் அதே தொடர் கடலுக்கடியில் எம்பரர் மலைகளாக வடக்கே திரும்புகிறது. அந்த வளைவின் வயது ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டு. மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் 'ஹவாய் இருக்கிறதே, அப்படியென்றால் தட்டுக் கொள்கையே தவறா' என்று கேட்டிருக்கிறார். இல்லை, தட்டு நகர்கிறது என்பதற்கே இந்தத் தீவு வரிசை வலுவான சான்று. கட்டுரையில் இதற்கு இரண்டு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.