பெட்டி விற்பவர் உள்ளூர்க்காரர்தான்
சென்னையில் வெள்ளிக்கிழமை வெளியாகும் படம் அந்த வார இறுதிக்குள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதி வீடுகளில் திருட்டுத்தனமாக ஓடுவதைப் பற்றி இங்கே யாரிடம் பேசினாலும், "எங்கோ வெளிநாட்டில் இருந்து ஏற்றுகிறார்கள், நம் போலீஸ் என்ன செய்யும்?" என்றே பதில் வருகிறது. அதில் உண்மையும் உண்டு, நமக்கு வசதியான சாக்கும் உண்டு.

இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 1928 முதலே, ஒரு நாட்டின் படைப்புக்கு மற்ற உறுப்பு நாடுகளிலும் பதிப்புரிமை தரும் பெர்ன் உடன்படிக்கையில் இருப்பதால், கோடம்பாக்கத்துப் படத்துக்கு இங்கும் பதிப்புரிமை உண்டு. ஆனால் அதை நிலைநாட்டுவது அந்தந்த நாட்டுச் சட்டப்படி, அந்தந்த நாட்டு நீதிமன்றத்தில்தான். படத்தை ஏற்றும் இணையதளத்தை நடத்துபவர் ஒரு நாட்டிலும், சர்வர் இன்னொரு நாட்டிலும், டொமைன் பதிவு மூன்றாவது நாட்டிலும் இருந்தால், தயாரிப்பாளர் எந்த ஊர் வக்கீலைத் தேடிப் போவார்? முடக்கிய தளம் வேறு முகவரியில் முளைத்தால் அதையும் அதே ஆணையின் கீழ் முடக்கத் தில்லி உயர் நீதிமன்றம் 2019-இல் வழிவகுத்தது. நல்ல தீர்ப்புதான், ஆனால் அது இந்திய இணைய நிறுவனங்களைக் கட்டுப்படுத்துமே தவிர, டர்பனில் ஃபைபர் இணைப்புத் தருபவரை அல்ல. கோப்புப் பகிர்வுத் தளமான மெகாஅப்லோட்டின் நிறுவனர் கிம் டாட்காம், பதிப்புரிமை வழக்கில் அமெரிக்காவின் கோரிக்கையால் நியூசிலாந்தில் கைதானது 2012 ஜனவரியில்; அவரை ஒப்படைக்கும் ஆணையில் அந்நாட்டு அமைச்சர் கையெழுத்திட்டதோ 2024 ஆகஸ்டில். அமெரிக்க அரசுக்கே அவ்வளவு காலம் என்றால், வட்டிக்கு வாங்கிப் படமெடுத்தவர் என்ன செய்வார்?

சாக்கு எங்கே என்றால், அந்தப் படம் பல வீடுகளுக்கு வருவது உள்ளூர்க்காரர் ஒருவர் பொருத்தித் தந்து, மாதந்தோறும் ரேண்டில் (உள்ளூர் நாணயம்) பணம் வாங்கும், தொலைக்காட்சியில் இணைய வழிப் படம் காட்டும் ஆண்ட்ராய்டு பெட்டி வழியாகத்தான். அவரைப் பிடிக்க எந்த நாட்டின் ஒப்புதலும் வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கே மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. பிரதியைக் கையில் தராமல் இணைப்பை மட்டும் விற்பவருக்கு அது பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடலாம். வாதாடட்டும், கூண்டில் நிறுத்த ஆளாவது இங்கே இருக்கிறார்.

வழக்கு வந்தால் முதல் கேள்வி, படம் யாருடையது என்பதுதான். இதற்குப் பயன்படக்கூடிய ஒரு வசதி இந்நாட்டில் உண்டு: 1977-ஆம் ஆண்டுச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமையை மட்டும் அரசிடம் பதிவு செய்துகொள்ளலாம், கட்டாயமில்லை, ஆனால் செய்திருந்தால் உரிமையை மெய்ப்பிப்பது எளிதாகும். ஆகவே ஆப்பிரிக்க உரிமையை விற்கும் சென்னைத் தயாரிப்பாளர்கள், படத்தை இங்கே பதிவு செய்யவும் தம் சார்பில் வழக்குத் தொடரவும் வாங்குபவருக்கு அதிகாரம் தரும் ஒரு பத்தியை ஒப்பந்தத்திலேயே, வெளியீட்டுக்கு முன்பே, சேர்த்துவிட வேண்டும்.