யார் பாக்கி 200?

(ஆச்சி வீட்டுப் புதுக் கம்ப்யூட்டரில் பழைய வட்டிக் கணக்கை ஓடவைக்க வந்திருக்கிறான் சர்வீஸ் தம்பி.)

ஆச்சி: இதென்ன தம்பி, 200 என்று வந்து நிற்கிறது? யார் பாக்கி?

தம்பி: பாக்கி இல்லை ஆச்சி. ரன்டைம் எரர் 200. புரோகிராம் நின்றுவிட்டது.

ஆச்சி: அவுக வைத்துவிட்டுப் போன வட்டிக் கணக்கு. அதில் 200 வந்தால் யாரோ தரவேண்டும். தேவகோட்டை அயித்தானாகத்தான் இருக்கும். பணம் என்றால் மட்டும் அவருக்குக் காது மந்தம்.

தம்பி: இது டர்போ பாஸ்கல் என்கிற பழைய புரோகிராம் மொழியில் எழுதின, அந்தக் காலத்து 16 பிட் புரோகிராம் ஆச்சி. புது விண்டோஸ் 64 பிட். அதில் நேராக ஓடாது. அதனால் டாஸ்பாக்ஸ் போட்டிருக்கிறேன். எமுலேட்டர். புதுக் கம்ப்யூட்டருக்குள் பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கும்.

ஆச்சி: பழையதை எடைக்குப் போடச் சொன்னது நீதானே?

தம்பி: ஆமாம்.

ஆச்சி: அசலை எடைக்குப் போட்டுவிட்டு, நடிக்கிறவனுக்குச் சம்பளமா?

தம்பி: டாஸ்பாக்ஸுக்குக் காசே கிடையாது ஆச்சி. 2002லிருந்து சும்மா கிடைக்கிறது. பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்கென்று செய்தது.

ஆச்சி: அப்படியானால் பில்லில் இருக்கிற 1,500?

தம்பி: சர்வீஸ் சார்ஜ்.

ஆச்சி: இந்த 200 அதில் சேர்த்தியா, தனியா?

தம்பி: ஐயோ, அது ரூபாய் இல்லை! புரோகிராம் தொடங்கும்போதே கம்ப்யூட்டரின் வேகத்தை அளக்கும். 55 மில்லி நொடிக்குள் எத்தனை சுற்று சுற்ற முடிகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். விடை 65,535ஐத் தாண்டினால் வைத்துக்கொள்ள இடம் கிடையாது. உடனே 200 என்று சொல்லிப் படுத்துவிடும். இத்தனை வேகமான மிஷின் வரும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

(தம்பி சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் வேகத்தை எகிறவிட்டதே அவன்தான். டாஸ்பாக்ஸ் வந்தபடியே விட்டிருந்தால் நிதானமாக ஓடியிருக்கும்.)

ஆச்சி: ஆக, வேகம் கூடிப்போனதுதான் வியாதி.

தம்பி: அதேதான். கண்ட்ரோலையும் எஃப்11ஐயும் சேர்த்து அமுக்கினால் வேகம் குறையும். அமுக்குங்கள். இன்னும். இன்னும் கொஞ்சம்.

ஆச்சி: ‘வேகமானதா வாங்குங்க ஆச்சி’ என்று விலையைக் கூட்டினாய். கொடுத்த காசையெல்லாம் இப்போது என் விரலாலேயே அமுக்கி வெளியேற்றுகிறாய்.

தம்பி: இந்தப் பாடே வேண்டாம் ஆச்சி. புது சாஃப்ட்வேர் ஒன்று போட்டுத் தருகிறேன். வருடச் சந்தா.

ஆச்சி: ஒரு வருடம் கட்டவில்லை என்றால்?

தம்பி: திறக்காது.

ஆச்சி: உள்ளே இருப்பது யார் கணக்கு?

தம்பி: உங்கள் கணக்குதான்.

ஆச்சி: எங்கள் கடையில் அடகு வைத்த நகைக்குத்தான் வட்டி. நீங்கள் அடகே வைக்காத நகையைப் பூட்டிவைத்து வட்டி கேட்கிறீர்கள். அவுக இருந்திருந்தால் உன்னைப் பங்காளியாகச் சேர்த்திருப்பார்கள்.

தம்பி: உலகமே அப்படித்தான் போகிறது. பழைய குப்பையைக் கட்டிக்கொண்டு...

ஆச்சி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் போய்ப் பார். விளிம்பு உடைந்த எனாமல் கிண்ணத்துக்கு என்ன விலை சொல்கிறான் என்று. ஓடுகிற கணக்கு உனக்குக் குப்பையா?

தம்பி: இன்னும் ஓடவில்லையே... ஓ, ஓடிவிட்டது! பாருங்கள், கணக்கு வந்துவிட்டது.

ஆச்சி: அயித்தான் பெயரில் எவ்வளவு?

தம்பி: 4,750.

ஆச்சி: 200 இல்லையா? பார்த்தாயா, உன் மிஷின் அவருக்கு உடந்தை. சரி, இதை அப்படியே அச்சடித்துக் கொடு.

தம்பி: அதுதான் ஆச்சி... இந்த டாஸ்பாக்ஸிலிருந்து பிரிண்டருக்குப் போகாது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அதில் போகும். அதுவும் சும்மாதான்.

ஆச்சி: முதல் சும்மாவுக்கே 1,500. இரண்டாவது சும்மாவை இந்த வீடு தாங்காது. அந்த நோட்டை எடு, நான் படிக்கிறேன், நீ எழுது. கோடு போட்டு எழுதப்பா, கோணாமல்!