பிறர் கையில் கொடுத்த வாக்கு கள்ள வாக்கா?

அமெரிக்காவில் அஞ்சல் வாக்கை வாக்காளரைத் தவிர வேறு யார் கொண்டுபோய்ச் சேர்த்தாலும் குற்றம், அப்படிச் சேர்ந்தவை எல்லாம் கள்ள வாக்குகள் என்றொரு செய்தி கைப்பேசிகளில் சுற்றுகிறது. தவறு.

அங்கே இதற்கு நாடு முழுவதற்குமான ஒரே விதி கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. 2016-இல் கலிபோர்னியா, வாக்காளர் விரும்பும் எவரிடமும் உறையைக் கொடுத்தனுப்பலாம் என்று சட்டம் செய்தது. ஆனால் எத்தனை உறை சேர்த்தார் என்று கணக்கிட்டுக் கூலி தரக் கூடாது. யார் கொண்டுவந்தாலும் உறையின் மேலுள்ள கையெழுத்து, பதிவேட்டிலுள்ள கையெழுத்தோடு ஒப்பிடப்படும். அதே ஆண்டில் அரிசோனா நேர்மாறாகச் செய்தது: குடும்பத்தார், உடன் வசிப்போர், பராமரிப்பாளர் போன்றோர் தவிர மற்றவர் சேகரிப்பது அங்கே குற்றம். 2021-இல் உச்ச நீதிமன்றமும் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது.

அப்படியென்றால் மோசடியே நடந்ததில்லையா? நடந்தது, அதை மறைப்பானேன். 2018-இல் வட கரோலினாவின் 9-ஆவது நாடாளுமன்றத் தொகுதியில் குடியரசுக் கட்சி வேட்பாளர் 905 வாக்குகளில் முந்தியிருந்தார். அவர் தரப்புக்காக வேலை செய்த ஒருவரின் ஆட்கள் வீடு வீடாகச் சென்று வாக்குச்சீட்டுகளை வாங்கியதும், சிலவற்றில் விடுபட்ட இடங்களைத் தாங்களே நிரப்பியதும் விசாரணையில் வெளிவந்தன. அந்த மாநிலத்தில் நெருங்கிய உறவினரோ சட்டப்படியான காப்பாளரோ அல்லாதவர் சீட்டை வாங்கிச் செல்வதே சட்டவிரோதம். 2019 பிப்ரவரியில் மாநிலத் தேர்தல் வாரியம் மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது.

செய்தியைப் பரப்புவோர் இந்த வழக்கைத்தான் ஆதாரமாக நீட்டுகிறார்கள். பிடிபட்டு, ரத்தான ஒரு தேர்தலை வைத்துக்கொண்டு, கலிபோர்னியாவில் பக்கத்து வீட்டுக்காரர் பெட்டியில் போட்ட உறையையும் கள்ள வாக்கு என்பது வெறும் புரட்டு.