ஹார்னுக்குத் தந்திகள் போதும்

பிரெஞ்சு ஹார்ன் என்ற வளைந்த பித்தளை ஊதுகருவிக்குத் துணையாக வெறும் தந்தி வாத்தியங்களை வைத்தால் இசை மெலிந்துபோகும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. கார்டன் ஜேக்கப் 1951-லும் மால்கம் ஆர்னல்ட் 1956-லும் எழுதிய கான்செர்ட்டோக்களை, அதாவது தனி வாத்தியம் ஒன்று இசைக்குழுவோடு சேர்ந்து ஒலிக்கும் படைப்புகளைக் கேளுங்கள். இரண்டிலும் ஹார்னுக்குத் துணை தந்திகள் மட்டும்தான். இரண்டுமே டென்னிஸ் பிரெய்ன் என்ற ஆங்கிலேய ஹார்ன் கலைஞர் வாசிப்பதற்காக எழுதப்பட்டவை.

மற்ற ஊதுகருவிகள் இல்லாததால்தான் ஹார்னின் ஒவ்வொரு சாயலும் துலக்கமாகக் கேட்கிறது. வாசிப்பவர் வலது கையை அதன் அகன்ற வாய்க்குள் வைத்திருப்பார். கையை இன்னும் உள்ளே தள்ளி அடைத்தால், அதுவரை உருண்டு திரண்டு வந்த ஒலி சட்டென்று மூக்கால் பாடுவதுபோல மாறிவிடும். டிரம்பெட்டும் டிராம்போனும் சேர்ந்து முழங்கும்போது இந்த நுணுக்கம் எங்கே காதில் விழப்போகிறது? ஜேக்கப்பின் கடைசிப் பகுதியில் நாக்கால் படபடவென்று தட்டி வாசிக்கும் இடங்களைக் கேட்டுவிட்டு, அப்புறம் சொல்லுங்கள்.

ஆர்னல்டின் படைப்பை பிரெய்ன் 1957 ஜூலையில் இங்கிலாந்தின் செல்ட்னம் இசை விழாவில் அரங்கேற்றினார். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று கார் விபத்தில் போய்விட்டார். வயது 36தான். அவரை மனதில் வைத்து எழுதிய இந்த இரண்டையும் பற்றி அடுத்த முறை விரிவாக எழுதுங்கள், காத்திருக்கிறேன்.