தொலைவில் எரியும் காட்டுத்தீ மலைப் பயணத்தைப் பாதிக்காதா?

கனடாவின் ராக்கி மலைக்குச் செல்வோரிடையே, "தீ நூறு கிலோமீட்டர் தள்ளி எரிந்தால் கவலையில்லை, புகைக்குத் துணி முகக்கவசமே போதும்" என்ற தகவல் பரவுகிறது. இரண்டுமே தவறு.

2023 ஜூனில் கனடாவின் கியூபெக் மாகாணக் காட்டுத்தீயின் புகை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நியூயார்க் வானத்தைச் செம்மஞ்சளாக்கியது. மலைப் பள்ளத்தாக்கிலோ, இரவில் குளிர்ந்த காற்று அடியில் தேங்கி, வெப்பக் காற்று அதன்மேல் மூடிபோல் அமர்ந்துவிடுவதால், காலையில் எதிரிலுள்ள சிகரமே தெரியாத அளவுக்குப் புகை அடர்ந்து நிற்கும். அதிலுள்ள 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் துணியின் இழைகளுக்கிடையே நுழைந்து நுரையீரலை அடையும் என்பதால், முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசமே பெருமளவு காக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் பயணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.

தீயும் வேகமாக நகரக்கூடியது. 2024 ஜூலை 22 இரவு ராக்கி மலையிலுள்ள ஜாஸ்பர் நகரைவிட்டு வெளியேற உத்தரவு வந்தது. இரண்டே நாளில் தீ ஊருக்குள் புகுந்தது.