டார்ச்சுக்கு எதற்கு நாத்தனார் நம்பர்?

அத்தை: டார்ச் லைட்டுக்கு எதற்குடா என் நாத்தனார் நம்பர்?

குமார்: இந்த டார்ச் ஆப் நாத்தனார் நம்பரை மட்டும் கேட்கவில்லை அத்தை, போனில் இருக்கிற எல்லா நம்பரையும் கேட்கிறது. ‘அலவ்’ கொடுங்க, எரியும்.

அத்தை: கரண்ட் போய் அரை மணி ஆகிறது. சிலிண்டர் வளையத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக் கொஞ்சம் வெளிச்சம் கேட்டேன். அதற்கு ஊரைக் கூட்ட வேண்டுமா?

குமார்: யாரையும் கூப்பிடாது. சும்மா கேட்கும். எல்லா ஆப்பும் கேட்கிறதுதான்.

அத்தை: குழாய் ரிப்பேருக்கு வந்தவன் சும்மா பீரோ சாவியைக் கேட்டால் கொடுப்பாயா?

(குமார் ஒரு பெருமூச்சு விட்டான். கம்ப்யூட்டர் படித்தவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் போன் சொல்லிக் கொடுக்கும்போது விடுகிற பெருமூச்சு. நானும் விட்டிருக்கிறேன், இப்போது கூச்சமாக இருக்கிறது.)

குமார்: சரி, அடுத்தது லொகேஷன். அலவ்.

அத்தை: நான் எங்கே இருக்கிறேன் என்று டார்ச்சுக்கு எதற்கு? இருட்டில் இருக்கிறேன். அது தெரிந்தால் போதாதா?

குமார்: அடுத்தது மைக்.

அத்தை: டார்ச்சுக்குக் காது வேறயா?

குமார்: அடுத்தது எஸ்எம்எஸ்.

அத்தை: பாங்க்கிலிருந்து ஓடிபி அதில்தானே வருகிறது? டார்ச் என்ன, என் பென்ஷனை எடுக்கப் போகிறதா?

குமார்: கடைசியா கேமரா. இது நியாயம்தான் அத்தை. போனில் எரிகிற விளக்கே கேமராவுடைய ஃபிளாஷ்தான்.

அத்தை: நியாயமானதைக் கடைசியில் கேட்கிறது. நல்ல சாமர்த்தியம். ஏன், போனிலேயே டார்ச் கிடையாதா?

குமார்: இருக்கு. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5-லிருந்தே இருக்கு. திரையை மேலிருந்து கீழே இழுத்தால் டார்ச் பட்டன் வரும்.

அத்தை: பத்து வருஷத்துக்கு மேலாக உள்ளேயே இருக்கிறதா! பிறகு இது எதற்கு?

குமார்: இதில் போலீஸ் வண்டி மாதிரி சிவப்பும் நீலமும் மாறி மாறி வரும்.

அத்தை: சிலிண்டரைக் கைது செய்யவா போகிறேன்?

குமார்: நீங்க ரொம்பப் பயப்படுறீங்க. இதே ஆப் மூன்று வருஷமா என் போனில் இருக்கு, எல்லாத்துக்கும் அலவ் கொடுத்திருக்கேன். என்ன ஆயிற்று? இருங்க, நெட்டிலேயே தேடிக் காட்டுகிறேன்... ம்... ஓ...

அத்தை: என்ன ‘ஓ’?

குமார்: 2013-இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் ஒரு டார்ச் ஆப்பைப் பிடித்திருக்கிறது. கோடிக்கணக்கான தடவை இறக்கப்பட்ட ஆப். ஆள் இருக்கிற இடத்தை விளம்பரக்காரர்களுக்கு அனுப்பியதாம்.

அத்தை: வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லையா?

குமார்: இருந்ததாம். ஆனால் ‘சரி’யா ‘வேண்டாமா’ என்று அழுத்துவதற்கு முன்பே தகவல் கிளம்பிவிட்டதாம்.

அத்தை: பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்குள் பத்திரிகை அடித்த கதை.

குமார்: அது வேற ஆப் அத்தை. பழைய கதை. எனக்கு எதுவும் ஆகவில்லையே?

அத்தை: உனக்கு ஆகாது. கீழ் வீட்டுப் பையனுக்குக்கூட முதலில் எதுவும் ஆகவில்லை. ஏதோ ஆப்பில் நாலாயிரம் கடன் வாங்கினான். தவணை தவறியதும் போன் யாருக்கு வந்தது தெரியுமா? எனக்கு. ‘அந்தப் பையன் திருடன், கட்டச் சொல்லுங்க’ என்று ஒருத்தன் கத்துகிறான். அவன் போனில் என் நம்பர் இருந்தது, அவ்வளவுதான் நான் செய்த பாவம்.

குமார்: அதெல்லாம் கூடாது அத்தை. கடன் ஆப் எதுவும் தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் சொல்லியிருக்கலாம்.

அத்தை: ரிசர்வ் வங்கி சொன்னது அந்தக் கத்தினவனுக்குக் கேட்கவில்லை போல. அதை விடு. உன் போனில் என் நம்பர் இருக்கிறதா?

குமார்: இருக்கே.

அத்தை: உன் டார்ச்சுக்கு எல்லா நம்பரையும் கொடுத்தாயா?

குமார்: ...கொடுத்தேன்.

அத்தை: அப்படியானால் நான் இங்கே உட்கார்ந்து மாட்டேன், மாட்டேன் என்று அரை மணியாக மல்லுக்கட்டியது எதற்கு? என்னை மூன்று வருஷத்துக்கு முன்பே நீ கொடுத்துவிட்டாயே! என் வீட்டுச் சாவியை நான் இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறேன், நீ அதற்கு டூப்ளிகேட் போட்டுத் தெருவில் விற்கிறாய்.

குமார்: இப்பவே அழித்துவிடுகிறேன் அத்தை. இதோ, அன்இன்ஸ்டால்.

அத்தை: அழித்தால் போனது திரும்பி வருமா?

குமார்: வராது. இனிமேல் போகாது, அவ்வளவுதான்.

அத்தை: நம்பர் மட்டும்தான் போயிருக்குமா?

குமார்: பெயரும் போயிருக்கும். நாம் எப்படி எழுதி வைத்திருக்கிறோமோ அப்படியே.

அத்தை: நீ என்னை எப்படி எழுதி வைத்திருக்கிறாய்?

குமார்: அத்தை என்றுதான். வேற எப்படி?

அத்தை: இரு, ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறேன்.

குமார்: வேண்டாம் அத்தை, சார்ஜ் போய்விடும்...

(போன் அடித்தது. இருட்டில் திரை பளிச்சென்று தெரிந்தது.)

அத்தை: ‘அத்தை எடுக்காதே’.

குமார்: அது வந்து... ஆபீஸ் நேரத்தில் கொத்தமல்லி வாங்கி வரச் சொல்வீங்களே, அதற்காக...

அத்தை: பரவாயில்லை. உலகத்தில் இருக்கிற விளம்பரக்காரன் அத்தனை பேருக்கும் என் பெயர் ‘அத்தை எடுக்காதே’ என்று போயிருக்கிறது. நல்லா இரு. இப்போதாவது அந்த உள் டார்ச்சைப் போடு. வளையத்தில் என்ன எழுத்து?

குமார்: ஏ. ஏ-24. கவலையே படாதீங்க அத்தை, ஏ கிரேடு! முதல் தர சிலிண்டர்.

அத்தை: கிரேடு இல்லையடா. ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச். பி, சி, டி ஒவ்வொன்றும் அடுத்தடுத்த மூன்று மாசம். 24 என்பது வருஷம். அதற்குள் சிலிண்டரை மறுபடி சோதனை செய்திருக்க வேண்டும். 2024 மார்ச்சிலேயே முடிந்துபோன சிலிண்டர் இது. நேற்று இதை வாங்கி வைத்தது யார்?

குமார்: நான்தான்.

அத்தை: வளையத்தைப் பார்த்தாயா?

குமார்: ஓடிபி கேட்டான். சொன்னேன். வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அத்தை: சிலிண்டருக்கும் அலவ் கொடுத்துவிட்டாய். அடுப்பைத் தொடாதே. ஏஜென்சிக்குப் போன் போடு, மாற்றித் தரச் சொல்.

குமார்: இரண்டு தடவை அடித்துவிட்டேன். எடுக்க மாட்டேன் என்கிறார்கள் அத்தை.

அத்தை: உன் நம்பரை எப்படி எழுதி வைத்திருக்கிறார்களோ!